குளிர்வீக்கம்: திருகோணமலைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் மாரி மழை எவ்வளவு விடாமல் பெய்தாலும் இரவு வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. இருந்தும் கார்த்திகை பிறந்துவிட்டால், குளிரால் வரும் விரல் வீக்கத்தைப் பற்றிய கேள்விகள் இவ்வூரிலிருந்தே எழத் தொடங்கிவிடுகின்றன. லண்டனிலோ ஒஸ்லோவிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பிள்ளை காணொளி அழைப்பில் காலை உயர்த்திக் காட்ட, இங்கிருக்கும் தாயும் தந்தையும் தமக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் "சுடுதண்ணிக்குள்ள காலை வை" என்பதாகவே இருக்கிறது. அன்போடு சொல்லப்படும் அந்த வைத்தியமே வீக்கத்தைக் கூட்டிவிடக்கூடியது என்பதால்தான் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

குளிர்வீக்கம் என்பது என்ன?

வைத்தியர்கள் சில்பிளெயின் அல்லது பெர்னியோ என்று எழுதும் இந்த வருத்தம், குளிரும் ஈரமும் சேர்ந்து தாக்கிய பின்னர் தோலிலுள்ள மிகச் சிறிய இரத்தக் குழாய்களில் ஏற்படும் அழற்சியாகும். தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர வேண்டும் என்பதில்லை. 0 பாகைக்கும் 15 பாகைக்கும் இடைப்பட்ட ஈரக் குளிரே போதும். குளிரில் விரல் நுனியின் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. பின்னர் திடீரென்று சூடு படும்போது இரத்தம் வேகமாகப் பாய்கிறது. சுருங்கிய சிறு குழாய்கள் அந்த வேகத்துக்கு ஈடு கொடுத்து விரியாததால், நீர் கசிந்து சுற்றியுள்ள இழையத்தில் தேங்குகிறது. வீக்கமும் அரிப்பும் எரிவும் அதனால் உண்டாகின்றன.

கால்விரல்களே முதலில் பாதிக்கப்படும் இடம். அதன் பின் கைவிரல்கள், குதிக்கால், காது மடல், மூக்கு நுனி. குளிர் பட்ட உடனே இது தெரிவதில்லை. சில மணித்தியாலங்கள் முதல் ஒரு நாள் வரை கழித்தே தெரியும். அதனால்தான் பலர் இதனைக் குளிரோடு தொடர்புபடுத்தாமல், பூச்சி கடித்துவிட்டது என்றோ புதுச் சப்பாத்து கடித்துவிட்டது என்றோ நினைத்துக்கொள்கிறார்கள்.

கனடாவின் கடும் குளிரில் இருக்கும் மகனுக்கு வரவில்லை. அவ்வளவு குளிரில்லாத லண்டனில் இருக்கும் மகளுக்கு வந்திருக்கிறதே?

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கடும் பனி நாடுகளில் வீடுகள் நன்றாகச் சூடேற்றப்பட்டிருக்கும். வெளிக் காற்று வறண்டிருக்கும். தடித்த சப்பாத்து இல்லாமல் எவரும் வெளியே இறங்குவதில்லை. அங்கே அஞ்ச வேண்டியது பெரும்பாலும் உறைபனிக் காயம். அதில் தோல் மெழுகுபோல் வெளிறி, கெட்டியாகி, உணர்வற்றுப் போகும். அது உடனடி வைத்தியம் தேவைப்படும் வேறொரு நிலை. லண்டனிலோ, 6 பாகைக் குளிரில் தூறலில் நனைந்த காலுறையோடு பேருந்துக்குக் காத்து நின்று, கட்டணச் செலவுக்கு அஞ்சிச் சூடாக்கியைப் போடாத அறைக்குத் திரும்பும் மாணவிக்குக் குளிர்வீக்கம் வருவதற்கு வேண்டிய அத்தனையும் அமைந்துவிடுகின்றன. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் அதிகமான வேகத்தில் உடலின் சூட்டை உறிஞ்சி எடுக்கிறது. ஆகவே ஈரக் காலுறையை மாற்றாதிருப்பது, வெப்பமானி காட்டும் எண்ணைக் காட்டிலும் முக்கியமானது.

பெண்களுக்கும், மெலிந்த உடலுடையவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும், குடும்பத்தில் எவருக்கேனும் முன்பு வந்திருப்பவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. பீட்டா தடுப்பு வகையைச் சேர்ந்த இரத்த அழுத்த மருந்துகள் கைகால்களின் இரத்த ஓட்டத்தைக் குறைத்து இதனை மோசமாக்கலாம். ஆனால் வைத்தியரைக் கேட்காமல் அவற்றை நிறுத்துவது அதனினும் ஆபத்தானது.

இணையத்தில் உள்ள படங்களில் விரல்கள் சிவந்திருக்கின்றன. எங்கள் தோலில் அப்படித் தெரியவில்லையே?

அந்தப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. நம்முடைய மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு அடங்கிப்போய், ஊதா கலந்த கபில நிறமாகவோ சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்த திட்டாகவோதான் தெரியும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பி "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட வேண்டாம். விரலின் மேற்புறம் உப்பி, தோல் இழுபட்டு மினுமினுக்கிறதா, அதே காலின் மற்ற விரல்களோடு ஒப்பிட்டால் பருமன் வேறுபடுகிறதா, தொட்டால் நோகிறதா, போர்வைக்குள் கால் சூடேறும்போது அரிப்பும் எரிவும் கூடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த நான்கும் நிறத்தைவிட நம்பத்தகுந்தவை.

காணொளி அழைப்பில் மஞ்சள் விளக்கின் கீழ் காட்டப்படும் காலை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. பகலில் யன்னலருகே இரண்டு பாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலிருந்து ஒன்றும் விரல் நுனிகளுக்கு நேரே ஒன்றுமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதே படங்கள் பின்னர் வைத்தியருக்கும் பயன்படும். நேரம் கிடைத்து அவரிடம் போகும்போது வீக்கம் பாதி வற்றியிருப்பது வழக்கம்.

திருகோணமலையிலேயே இருப்பவருக்கு இது வருமா?

சாதாரணமாக வராது. காற்றும் மழையும் சேர்ந்தால் இங்கும் உடல் சூடு வேகமாக இறங்கும் என்பது உண்மை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் பெருமளவில் இறந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் மனிதருடைய விரல்களில் குளிர்வீக்கம் உண்டாகும் அளவுக்கு இங்கு குளிர் நிலைத்து நிற்பதில்லை. விதிவிலக்கு, ஐஸோடு வேலை செய்பவர்கள். அவர்களுக்கான பதில் கீழே இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் ஒன்றுண்டு. அதைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். குளிரே படாத ஒருவருக்கு, அதிலும் இளம் பெண்ணுக்கு, விரல்களில் இப்படி ஊதா நிற வீக்கங்கள் வந்தால் அது லூபஸ் போன்ற, உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோயின் வெளிப்பாடாக இருக்கலாம். மூட்டு நோவு, வெயிலில் கன்னத்தில் படரும் தடிப்பு, காரணமில்லாத களைப்பு, முடி உதிர்வு ஆகியவற்றில் எதுவும் சேர்ந்திருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மாரியில் கால்விரல் இடுக்குகள் வெளுத்துக் கடிக்கின்றன. அதுவும் குளிர்வீக்கமா?

அது பெரும்பாலும் சேற்றுப்புண். பங்கசு தொற்றாலும், தண்ணீரில் ஊறிய தோல் உரிவதாலும் வருவது. இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று: சேற்றுப்புண் விரல்களுக்கு இடையே, குறிப்பாகச் சிறுவிரலுக்கும் அதன் அடுத்த விரலுக்கும் நடுவே, தோலை வெளுக்க வைத்து வெடிக்கச் செய்யும், நாற்றமும் இருக்கும். குளிர்வீக்கமோ விரலின் மேலும் பக்கங்களிலும் மூடிய வீக்கமாக இருக்கும். தோல் ஆரம்பத்தில் முழுமையாகவே இருக்கும். பங்கசுக் களிம்பு முன்னதைக் குணமாக்கும், பின்னதற்கு உதவாது.

தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் மூதூரிலும் வயலில் இறங்குபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். வெடித்த தோல் எலிக்காய்ச்சல் கிருமிக்குத் திறந்த வாசல். வயல் வேலை தொடங்கும் முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

மீன் ஐஸோடு வேலை செய்பவர்களின் விரல் வீக்கம் எத்தகையது?

கொட்பேயிலும் திருக்கடலூரிலும் கிண்ணியாவிலும் மீன் தரம் பிரிப்பவர்கள் அதிகாலையிலிருந்து உடைத்த ஐஸுக்குள் கையை விட்டு வேலை செய்கிறார்கள். ஐஸ் உருகும் தண்ணீரின் வெப்பநிலை 0 பாகைக்குச் சற்று மேலேதான் இருக்கும்; அதாவது நோர்வேயின் குளிர்காலம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. இவர்களுக்கு மூன்று வெவ்வேறு வருத்தங்கள் வரக்கூடும். அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

விரல் வெள்ளையாகி, பின் நீலமாகி, சூடேறியதும் சிவந்து, ஒரு மணித்தியாலத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அது ரேனோ எனப்படும் குழாய்ச் சுருக்கம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து மாலையிலோ மறுநாளோ பல விரல்களில் அரிப்பும் எரிவுமாக வீக்கம் தோன்றி, நாட்கணக்கில் நீடித்தால் அது குளிர்வீக்கம். மீன்முள் குத்திய ஒரு விரலில் மட்டும், குத்திய இடத்தைச் சுற்றி ஊதா நிற வீக்கம் நன்கு தெரியும் விளிம்போடு மெல்ல மெல்லப் பரந்து, துடித்து நொந்தால் அது மீனிலிருந்து தொற்றும் பக்டீரியாவாக இருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கட்டாயம் வேண்டும். வைத்தியரிடம் "மீன் வேலை செய்கிறேன், முள் குத்தியது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் சரியான மருந்து தாமதமாகலாம்.

வேலையின்போது உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையும் வெளியே தடித்த இறப்பர் கையுறையும் அணிவது உதவும். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் ஈரக் குளிர் விரலோடு ஒட்டியே இருக்கும். ஆகவே மாற்றிக்கொள்ள இன்னொரு சோடி உலர்ந்த பருத்திக் கையுறையைக் கையில் வைத்திருங்கள். முதலாளிமார் இதற்கான செலவைப் பெரிதாக நினைக்கக் கூடாது.

கால் விறைத்து வீட்டுக்கு வந்த பிள்ளை உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஈரத்தை அகற்ற வேண்டும். சப்பாத்தையும் காலுறையையும் வாசலிலேயே கழற்றி, உலர்ந்த பருத்தித் துணியால் பாதத்தை ஒற்றி எடுக்க வேண்டும்; தேய்க்கக் கூடாது. விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் துணியை விட்டு ஈரம் வாங்க வேண்டும். பின்னர் தளர்வான கம்பளிக் காலுறை அணிந்து, உடம்பு முழுவதையும் போர்வையால் மூடிக்கொண்டு உட்கார வேண்டும். கால் சூடேற வேண்டுமானால் நெஞ்சும் வயிறும் முதலில் சூடேற வேண்டும். உடலின் நடுப்பகுதி குளிர்ந்திருக்கும்வரை கைகால்களுக்குப் போகும் இரத்தத்தை உடல் குறைத்தே வைத்திருக்கும். ஆகவே சூடாக ஒரு தேநீரோ கோப்பியோ குடிப்பதும், தலையையும் கழுத்தையும் மூடுவதும் காலுக்கான வைத்தியமே. விரல்களை மெதுவாக மடக்கி நீட்டலாம். அறையின் சூட்டிலேயே அரை மணித்தியாலத்தில் விறைப்பு நீங்கத் தொடங்கும்.

செய்யக் கூடாதவை: சுடுதண்ணீர் வாளிக்குள் காலை விடுவது, சூடாக்கியின் மேல் பாதத்தை வைப்பது, சுடுநீர்ப் பையை நேரே விரலில் அழுத்துவது, முடி உலர்த்தியால் காய்ச்சுவது. திடீர்ச் சூடுதான் குழாய்களைக் கசிய வைக்கிறது என்பதை முன்பே பார்த்தோம். அதற்கும் மேலாக, விறைத்த தோலுக்குச் சூட்டின் அளவு தெரியாது. கொதிநீரையும் இளஞ்சூடு என்று எண்ணிக் கொப்புளம் வரும்வரை கால் அப்படியே இருக்கும். கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளில் குளித்துச் சுகம் கண்டவர்கள் நாம். சூடு என்றால் நன்மை என்ற எண்ணம் நமக்கு இயல்பாகவே இருக்கிறது. ஆனால் அங்கே வெயிலில் நின்ற உடம்பின் மேல் வெந்நீரை ஊற்றிக்கொள்கிறோம். குளிரில் விறைத்த காலின் நிலை அதுவன்று.

எதைப் பூசலாம்? நல்லெண்ணெய், மஞ்சள், தைலம்?

தோல் உடையாமல் இருந்தால் வாசனையற்ற ஈரப்பசைக் களிம்பையோ வாசலினையோ மெல்லப் பூசலாம். தோல் வெடிக்காமல் அது காக்கும். நல்லெண்ணெயையும் தடவுவதில் கேடில்லை. ஆனால் அழுத்தி உருவுவது வீங்கிய குழாய்களை மேலும் நோகச் செய்யும். சித்தாலேப போன்ற எரிவு தரும் தைலங்கள், இஞ்சிச் சாறு, மிளகு அரைத்த பற்று ஆகியவை அரிப்பைச் சிறிது நேரம் மறக்கச் செய்தாலும், மெலிந்த தோலைப் புண்ணாக்கிவிடும். உடைந்த தோலில் இவற்றில் எதையும் பூச வேண்டாம். மஞ்சள் பூசினால் நிறம் மறைந்து, புண் கறுக்கிறதா சிவக்கிறதா என்று பார்க்க முடியாமல் போகும் என்பதாலேயே அதனைத் தவிர்ப்பது நல்லது.

அரிப்புத்தான் இதில் மிகுந்த தொல்லை. சொறிந்தால் தோல் உரிந்து கிருமி புகும். நகங்களை ஒட்ட வெட்டி, இரவில் மெல்லிய பருத்திக் காலுறையோடு படுக்கலாம். நோவுக்குப் பரசிட்டமோல் போதும்.

பார்மசியில் ஸ்டீரொய்ட் களிம்பு தருகிறார்களே? மாத்திரையும் உண்டு என்கிறார்களே?

ஸ்டீரொய்ட் களிம்பு நெடுங்காலமாக எழுதிக் கொடுக்கப்பட்டு வந்தது. ஆனால் நாட்பட்ட குளிர்வீக்கத்துக்கு பீற்றாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் களிம்பு, மருந்தில்லாத வெறும் களிம்பைவிடக் கூடுதலாக உதவவில்லை என்று நெதர்லாந்தில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சேற்றுப்புண்ணைக் குளிர்வீக்கம் என்று தவறாக நினைத்து இதனைப் பூசினால் பங்கசு பரவும். வைத்தியர் பார்த்து எழுதினால் ஒழிய இதனை வாங்க வேண்டாம்.

மாத்திரை என்பது நிபெடிபின். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் இம்மருந்து சிறு குழாய்களை விரிவாக்குகிறது. 1980களில் நடந்த சிறிய ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது; 2016இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. எனினும் ஆண்டுதோறும் புண்ணாகும் அளவுக்கு வருபவர்களுக்கு வைத்தியர்கள் இதனைத் தெரிந்தெடுத்துக் கொடுக்கிறார்கள். தலைவலி, முகம் காந்துதல், கணுக்கால் வீக்கம், எழும்போது தலைச்சுற்று ஆகியவை வரலாம். அப்பாவின் பிரஷர் மாத்திரையை இங்கிருந்து பொதி கட்டிப் பிள்ளைக்கு அனுப்புவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

எத்தனை நாளில் குணமாகும்? எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

மீண்டும் குளிர் படாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் 1 முதல் 3 வாரங்களில் தானாகவே வற்றிவிடும். 3 வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், வெயில் காலம் வந்த பின்னும் விட்டுப்போகாவிட்டாலும், முதன்முறையாக நடுத்தர வயதுக்குப் பின் வந்தாலும் வைத்தியரைப் பார்ப்பது அவசியம். கொப்புளம் உடைந்து சீழ் வைத்தாலோ, வீக்கம் பாதத்தின் மேல் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரல் கறுத்து உணர்வற்றுப் போனாலோ அன்றே செல்ல வேண்டும். இங்கிலாந்தில் 111, ஒன்ராறியோவில் 811, நோர்வேயில் 116117 ஆகிய எண்களில் அவசரமில்லாத வைத்திய ஆலோசனை பெறலாம். இலங்கையில் அவசர நிலைக்கு 1990 என்ற எண்ணில் இலவச அம்புலன்ஸ் இருக்கிறது.

இது மற்றவர்களுக்குத் தொற்றுமா?

தொற்றாது. ஒரே வீட்டில் இருவருக்கு வந்தால் அது இருவரும் ஒரே குளிர் அறையில் இருப்பதாலும், குடும்பத்தின் உடல்வாகினாலும் வந்தது.

சீனி வருத்தம் உள்ள அம்மா மார்கழியில் கனடாவுக்குப் போகிறார். எதைக் கவனிக்க வேண்டும்?

இக்கேள்விக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கூடிய கவனம் வேண்டும். பல ஆண்டுகள் சீனி வருத்தம் உள்ளவரின் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும்; குளிரும் தெரியாது, சூடும் தெரியாது, சப்பாத்து கடிப்பதும் தெரியாது. அவருக்குக் குளிர்வீக்கம் வந்தால் அரிப்பு இல்லாமலேயே புண்ணாகிவிடலாம். புறப்படுமுன் கிளினிக்கில் பாதத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் ஒவ்வோர் இரவும் பிள்ளைகளில் ஒருவர் அம்மாவின் இரண்டு பாதங்களையும் அடிப்பாகம், விரல் இடுக்கு உட்பட வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்; தான் பார்ப்பதாக அவர் சொல்வதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். மின்சாரப் போர்வையையும் சுடுநீர்ப் பையையும் அவருடைய காலில் வைக்கக் கூடாது. சிறிய கொப்புளம் என்றாலும் அன்றே வைத்தியருக்குக் காட்ட வேண்டும்.

சப்பாத்தை இங்கே வாங்கிக்கொண்டு போவது வீண் செலவு. இங்கே சரியாக இருக்கும் அளவு, தடித்த கம்பளிக் காலுறை போட்டதும் இறுகிவிடும்; இறுக்கமே இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். அங்கே போய், காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

நுவரெலியா சுற்றுலாவுக்கும் இவ்வளவு கவனம் தேவையா?

இரண்டு நாள் பயணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்த ஊரில் தை, மாசி இரவுகளில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். சில விடியல்களில் புல்லில் உறைபனியும் படியும். பனி ஈரத்தில் செருப்போடு நடக்கும் பிள்ளைகளுக்கு மாற்றுக் காலுறை இரண்டு சோடி எடுத்துச் செல்லுங்கள். அங்கே படிக்கவோ வேலைக்கோ போய்த் தங்குபவர்களுக்கு மேலே கூறிய அனைத்தும் பொருந்தும்.

ஒருமுறை வந்தவருக்கு அடுத்த குளிர்காலத்திலும் வருமா?

பலருக்கு வருகிறது. ஆகவே வீக்கம் வரும் வரை காத்திருக்காமல், இங்கு மழை தொடங்கும் ஐப்பசியிலேயே அங்குள்ள பிள்ளைக்கு நினைவூட்டலாம். தினமும் சப்பாத்தை மாற்றி அணிந்தால், நேற்று நனைந்தது இன்று உலர நேரம் கிடைக்கும். பையில் எப்போதும் ஒரு சோடி உலர்ந்த காலுறை இருக்கட்டும். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் வெளியே போகும்போது கம்பளியே ஏற்றது. புகைப்பதை நிறுத்துவது வேறெந்தக் களிம்பையும்விடப் பயன் தரும். அறையை ஒரேயடியாகச் சுட வைத்துப் பின் அணைப்பதைவிட, மிதமான சூட்டில் நிலையாக வைத்திருப்பது நல்லது. வீட்டுக்குக் காசு அனுப்புவதற்காகச் சூடாக்கியைப் போடாமல் இருக்கும் பிள்ளைகள் பலர் உண்டு. அந்தச் செலவைச் செய்யலாம் என்று பெற்றோர் வாய்விட்டுச் சொன்னால்தான் அவர்கள் செய்வார்கள்.

வீக்கம் வற்றிய பின் விரலில் கறுத்த அடையாளம் இருக்கிறது. போகுமா?

நம்முடைய தோலில் அழற்சி ஆறிய இடம் கறுத்துப்போவது வழக்கம். அது நோய் மிச்சமிருப்பதன் அறிகுறியன்று. சில மாதங்களில் மெல்ல மங்கிவிடும். தோலை வெளுக்கச் செய்வதாகச் சொல்லி விற்கப்படும் களிம்புகளை இதற்குப் பூச வேண்டாம். அவற்றில் சிலவற்றில் பாதரசமும் கடும் ஸ்டீரொய்டும் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. கறுத்த இடம் மீண்டும் உப்பினாலோ நொந்தாலோ அது பழைய அடையாளமன்று, புதிய வீக்கம். அப்போது படம் எடுத்து வைத்துக்கொண்டு, முதல் நாளிலிருந்தே பராமரிப்பைத் தொடங்க வேண்டும்.